தலைக்கணக்கு

பாலம் விழுந்தது ராத்திரி இரண்டே முக்காலுக்கு.
ஜல்லி லாரி ஒன்று தாண்டி நாலு நிமிஷம்.
யாரும் சாகவில்லை,
அதனால் பேப்பரில் மூன்றாம் பக்கம்.

காரைக்குடியில் எடுத்த முதல் ட்ரிப்.
சேவுகப்பெருமாள் அண்ணன் பிரேக்கை மிதித்தபோது
முன்னால் ரோடு இருந்த இடத்தில்
வெளிச்சம் இருந்தது.
பதினோரு வருஷம் இந்த ரூட்டில் கண்டக்டர் நான்.
கீழே கிடப்பது விருசுழி என்று
பலகை சொல்லித்தான் தெரியும்.
பலகையும் விழுந்து கிடந்தது, எழுத்து வானம் பார்க்க.

தேவகோட்டைக்குச் சுற்றிப் போனால் இருபத்தாறு கிலோமீட்டர் கூட.
டெப்போவில் டீசல் கணக்குப் போட்டார்கள்.
இக்கரையில் ஒரு பஸ், அக்கரையில் ஒரு பஸ்,
நடுவில் மணல். நடந்துகொள்ளட்டும்.
மணல் என்பது மரியாதைக்குச் சொல்வது.
பாதி சீமைக்கருவேலம், பாதி கறிக்கடைக் கோழி இறகு.

நடந்தார்கள்.
செருப்பைக் கையில் பிடித்த நர்சிங் பிள்ளைகள்,
இன்வெர்ட்டர் பேட்டரியைத் துண்டில் கட்டித் தூக்கிய இருவர்,
எதிரே ஐஸ் ஒழுகத் தொண்டி மீன் பெட்டிகள்,
முள்ளில் மாட்டிய முந்தானையைப் பிய்த்துக்கொண்டு
பிரேயருக்கு முந்த ஓடிய ஹெட்மிஸ்ட்ரஸ்.
கோர்ட்டுக்கு வந்த ஒருவர் மட்டும்
கரையிலேயே நின்று பீடி பற்றவைத்தார்,
"வாய்தா வாங்கிரலாம்."

அக்கரை கண்டக்டர் அருளானந்து.
பதினோரு வருஷமும் பாலத்து நடுவில்
எதிரெதிரே கை தூக்கியிருக்கிறோம்.
அவனுக்கு இடது காது கேட்காது என்பது
மணலில் நின்று பேசும்போதுதான் தெரிந்தது.

மேலே இருந்து உத்தரவு:
இறங்கிய தலையும் ஏறிய தலையும் ஒத்துப்போக வேண்டும்.
என் பக்கம் அறுபத்து மூன்று இறங்கியது.
அவன் பக்கம் அறுபத்திரண்டு ஏறியது.
மறுநாள் ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு.
அதற்கு மறுநாளும் ஒன்று.
பணக் கணக்கு பைசா பிசகவில்லை.
"ஆத்துல ஒரு ஆளு குறையுதுடா" என்றான்,
சிரிக்காமல்.
ஒன்பது மணி வண்டிக்காரனுக்கு ஒன்று கூடியதாம்.
கூடுவதை யார் புகார் செய்கிறார்கள்.

நாலாம் நாள் கூட்டத்துக்குப் பின்னாலேயே போனேன்.
உடைந்த தளம் சாய்ந்து நிழல் விழுந்த இடத்தில்
உமையாள் உட்கார்ந்திருந்தார்.
கூட்டுறவு வங்கி, நகைக்கடன் கவுண்டர்.
எட்டு பத்துக்கு ஏறுவார். மகளிர் இலவசம்.
பூஜ்ஜியம் என்று அச்சாகும் சீட்டு.

டிபன் பாக்ஸ் திறக்கவில்லை. போன் அணைந்திருந்தது.
கம்பி நீட்டிய கான்கிரீட்டைப் பார்த்துக்கொண்டு
சும்மா இருந்தார்.
அழுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை.
"அடுத்த வண்டியில வர்றேன்" என்றார்.
"வீட்டுல கெளம்பியாச்சு. பேங்குல இன்னும் சேரல.
பாலம் விழுந்திருச்சுல்ல, யாரும் கேக்க மாட்டாக.
இருபது நிமிஷம்."

அன்றைக்குச் சீட்டில் அறுபது என்று எழுதினேன்.
அருளானந்துவின் வலது காதில் சொன்னேன்.
அவனும் அறுபது என்று எழுதினான்.

முப்பத்தேழாம் நாள்
குழாய் பதித்து, செம்மண் கொட்டி
தற்காலிகப் பாதை போட்டுவிட்டார்கள்.
பஸ் குனிந்து இறங்கிக் குலுங்கி ஏறியது.
ஜனம் கை தட்டியது.
கோர்ட் ஆள் தட்டவில்லை.

உமையாள் ஜன்னல் ஓரம்.
போன் அடித்தது.
"பாலத்துக்கிட்ட நிக்குது" என்றார்.
வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

விசில் என் வாயில் இருந்தது. ஊதிவிட்டேன்.
அண்ணன் மிதித்தார், கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
அந்த இடத்துக்கு ஸ்டேஜ் நம்பர் கிடையாது.
யாரும் ஏறவில்லை. யாரும் இறங்கவில்லை.
"என்னப்பா?"
"டயருண்ணே. ஒரு நிமிஷம்."

பஸ்ஸுக்கு ஆறு டயர்.
ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன்,
அவசரம் இல்லாமல்.